எந்த மொழியில் எழுதுவது, யார் அச்சடிப்பது? கூகி வா தியாங்கோவும் கென்யப் பதிப்புலகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025 மே 28 அன்று காலமானார். அந்த வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அவருடைய ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ நாவலை மறுபடி கையில் எடுத்தோம். அதன்பிறகு நண்பர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

கூகி யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1938இல் கென்யாவின் லிமுரு பகுதியில் பிறந்தவர். கென்யா அப்போது பிரிட்டிஷ் காலனி. முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். 1964இல் முதல் நாவல் வெளிவந்தது, 1977க்குள் நான்கு நாவல்கள். அதன்பிறகு புனைவை ஆங்கிலத்தில் எழுதுவதில்லை என்று முடிவெடுத்துத் தாய்மொழியான கிக்கூயுவுக்குத் திரும்பினார். அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை ஓராண்டுச் சிறையும் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாடுகடந்த வாழ்வும்.

கிக்கூயு எவ்வளவு பெரிய மொழி?

கென்யாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் புழங்குகின்றன. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிக்கூயு இனத்தவர் சுமார் 81 லட்சம் பேர். நாட்டிலேயே பெரிய இனம் அதுதான். ஆனால் 2010 அரசியலமைப்பின்படி ஆட்சிமொழிகள் சுவாஹிலியும் ஆங்கிலமும் மட்டுமே. கிக்கூயு வீட்டு மொழி, சந்தை மொழி, பாட்டு மொழி. பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்குப் போகப் போக அது காணாமல் போய்விடும்.

பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அவரை அடித்தார்கள் என்பது உண்மையா?

அவரே எழுதியிருக்கிறார். 1952இல் கென்யாவில் அவசரநிலை வந்தது. கிக்கூயு தேசியவாதிகள் நடத்திவந்த பள்ளிகளைக் காலனி அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை கிக்கூயுவில் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கிய பையனுக்குத் திடீரென்று ஆங்கிலம்தான் எல்லாம் என்றாகிவிட்டது. பள்ளி வளாகத்தில் கிக்கூயு பேசிப் பிடிபட்டால் பிரம்படி. இல்லையென்றால் ‘நான் ஒரு முட்டாள்’, ‘நான் ஒரு கழுதை’ என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

பிடிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் ஒரு பையனிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். தாய்மொழியில் பேசுகிற அடுத்த பையனிடம் அவன் அதைத் தள்ளிவிட வேண்டும். அவன் இன்னொருவனிடம். மாலையில் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவனைக் கேட்டால் கொடுத்தவன் பெயர் வரும், அவனைக் கேட்டால் அவனுக்குக் கொடுத்தவன் பெயர் வரும். அன்றைக்குப் பேசிய அத்தனை பேரும் சிக்குவார்கள். அடியைவிட இந்தப் பொத்தான்தான் என்னை உறுத்துகிறது. கூடப் படிக்கிற பிள்ளைகளையே ஒருவரை ஒருவர் வேவு பார்க்க வைத்துவிட்டார்களே.

நான் படித்த ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். வகுப்புத் தலைவன் நோட்டில் பெயர் எழுதுவான். அந்த நோட்டுக்காக நான் பக்கத்து பெஞ்சு நண்பனோடு பல நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். கூகியின் பொத்தானைப் படித்த இரவில் முதலில் நினைவுக்கு வந்தது அவன் முகம்தான்.

ஆங்கிலத்தில் எழுதிய ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் எல்லாம் தவறு செய்தவர்களா? அச்சுபெ என்ன சொன்னார்?

‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிற நாவலை எழுதிய நைஜீரியரான சினுவா அச்சுபெயைத்தான் எல்லோரும் இங்கே எதிர்நிறுத்துகிறார்கள். ஆங்கிலம் தன் கைக்கு வந்துவிட்டது, அதைத் தன் அனுபவத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்வேன் என்பது அவர் நிலை. நைஜீரியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள். நாடு முழுவதும் வாசிக்கப்பட வேண்டுமென்றால் வேறு எந்த மொழியில் எழுதுவது என்ற அவர் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அச்சுபெ எழுதியதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 1962 ஜூனில் உகாண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கான கூட்டம் அது. கூகி அப்போது அங்கே மாணவர். அச்சில் வந்திருந்தவை இரண்டே சிறுகதைகள், ஆனாலும் அவருக்கு அழைப்பு கிடைத்தது. சுவாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கு அங்கே இடமில்லை. யொரூபாவில் பல நாவல்கள் எழுதிய ஃபாகுன்வாவுக்கும் இல்லை. அவர்கள் எழுதியது ஆப்பிரிக்க மொழிகளில் என்பதுதான் காரணம். ஆப்பிரிக்க இலக்கியம் எது என்று பேச ஒரு கூட்டம், அதில் ஆப்பிரிக்க மொழிகளுக்கு நாற்காலி கிடையாது. அடுத்த ஆண்டே ஓபி வாலி என்ற நைஜீரிய விமர்சகர் இந்தப் பாதை முட்டுச்சந்தில் போய் நிற்கும் என்று எழுதினார். பலருக்குக் கோபம் வந்தது. கூகிக்கு அது உறைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அதே மாநாட்டில்தான் கூகி தன் நாவலின் கையெழுத்துப் பிரதியை அச்சுபெயிடம் படிக்கக் கொடுத்தார். லண்டன் ஹைனமன் நிறுவனத்தின் ‘ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை’யில் அது வெளிவந்தது. அந்த வரிசைக்கு ஆசிரியராக இருந்து இளையவர்களைத் தூக்கிவிட்டவர் அச்சுபெதான். வாதத்தில் எதிரெதிர் நின்றவர்கள் என்பதற்காக இதை மறந்துவிடக் கூடாது.

கூகியை மாற்றியது எது?

கமிரீத்து என்ற கிராமம். லிமுருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1976இல் ஒரு நாள் விடியற்காலையில் அந்த ஊர்ப் பெண் ஒருவர் கூகியின் வீட்டுக்கு வந்தார். நிறையப் படித்தவராமே, புத்தகம் எழுதுகிறவராமே, அந்தப் படிப்பில் கொஞ்சம் ஊருக்கும் கொடுக்கலாமே, முழுவதும் வேண்டாம், கொஞ்சம் போதும் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை, விடாமல் வந்து நச்சரித்தார். கடைசியில் கூகி போனார்.

முதியோர் கல்வியில் தொடங்கி நாடகத்துக்கு வந்தார்கள். கூகி வா மிரியீ என்ற வேறொருவருடன் சேர்ந்து நம் கூகி கிக்கூயுவில் ஒரு நாடகம் எழுதினார். ‘எனக்கு விருப்பமானபோது மணம் செய்வேன்’ என்று அதன் பெயருக்குப் பொருள். பிரதியை ஊரார் முன் படித்தபோது அவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கிழவன் இப்படிப் பேசமாட்டான், இந்தப் பாட்டின் அடி இப்படி வராது என்று திருத்தினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் ஒரு நாளில் தாங்கள் எவ்வளவு உற்பத்தி செய்கிறோம், கையில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரான கூகி தன் தாய்மொழியை ஊராரிடம் மறுபடி கற்றார். இரண்டாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை ஊர்மக்களே கட்டினார்கள்.

1977 அக்டோபர் 2 அன்று நாடகம் அரங்கேறியது. நவம்பர் 16 அன்று அனுமதி ரத்து. ஆண்டின் கடைசி நாளில் கூகி கைதானார். விசாரணை கிடையாது. 1982 மார்ச்சில் லாரிகளில் போலீசார் வந்து அந்த அரங்கையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவருடைய ஆங்கில நாவல்களும் அரசைக் கடுமையாக விமர்சித்தவைதான். அவற்றுக்காக அவரைச் சிறையில் போடவில்லை. ஊருக்குப் புரிகிற மொழியில் பேசியதும் போட்டார்கள். யாருக்குக் கேட்கிறது என்பதில் அரசு எழுத்தாளரைவிடக் கவனமாக இருந்திருக்கிறது.

கழிவறைக் காகிதத்தில் நாவல் எழுதினார் என்கிறார்களே?

ஆமாம். கென்யாவின் கமிதி (Kamiti) என்ற சிறையில் எழுதினார். அங்கே கொடுக்கப்பட்ட கழிவறைக் காகிதம் சொரசொரப்பானது. கைதியின் உடம்புக்குத் தண்டனையாக இருந்த அதே காகிதம் பேனாவுக்கு வாகாக இருந்தது. கிக்கூயுவில் அவர் எழுதிய முதல் நாவலான ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ அப்படிப் பிறந்தது.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. காகிதத்தைவிட அவரை அதிகம் படுத்தியது எழுத்துமுறை. கிக்கூயுவுக்கு ரோமன் எழுத்தில் வடிவம் கொடுத்தவர்கள் மிஷனரிகள். உயிரின் குறில் நெடிலை அந்த எழுத்து சரியாகக் காட்டாது, குரலின் ஏற்ற இறக்கமான சுரத்தைக் காட்டாது. நேற்று இரவு எழுதிய வரியை இன்று காலையில் படித்தால் வேறு பொருள் வருகிறது என்று அவரே திணறியிருக்கிறார். ‘படு’ என்பதற்கும் ‘பாடு’ என்பதற்கும் எழுத்தில் வேறுபாடு இல்லாத தமிழை நினைத்துப் பாருங்கள். அதில் முந்நூறு பக்கம் எழுத வேண்டும், படிக்கிறவர் தடுமாறக் கூடாது. முன்னோடிகள் சிலரே இருந்த உரைநடையில், விவிலிய மொழிபெயர்ப்பின் நடையைத் தாண்டி ஒரு நவீன நாவலின் நடையைக் கட்ட வேண்டியிருந்தது.

விடுதலைக்குச் சில வாரங்கள் முன்பு அறைச் சோதனையில் கையெழுத்துப் பிரதி பறிபோனது. பிறகு சிறைக் கண்காணிப்பாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் தவறாக எதுவும் தெரியவில்லை, ஆனால் உங்கள் கிக்கூயு ரொம்பக் கடினம் என்பது அவர் கருத்து. ஒரு வகையில் அதுதான் அந்த நாவலுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

தாய்மொழியில் எழுதினால் விற்குமா? இது விற்றதா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நாவல் 1980 ஏப்ரலில் வெளிவந்தது. பதிப்பாளர் அச்சடித்தது 5,000 பிரதி. அது விற்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகலாம் என்பது கணக்கு. ஒரு மாதத்துக்குள் இன்னொரு 5,000 அச்சடிக்க வேண்டி வந்தது. டிசம்பருக்குள் மூன்றாவது அச்சும் போய், மொத்தம் 15,000 பிரதிகள். அதே கால அளவில் அந்த நிறுவனத்தின் ஆங்கில நாவல் எதுவும் இந்த அளவு விற்றதில்லை.

எப்படிப் போய்ச் சேர்ந்தது? கடைகள் வழியாக மட்டும் அல்ல. கென்யாவில் புத்தகக் கடைகள் நகரங்களில் இருந்தன, அவை பெரும்பாலும் பாடநூல் விற்றன. சிலர் இருபது, ஐம்பது பிரதிகளைக் கடனாக வாங்கிக்கொண்டு கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய் விற்றார்கள். வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்துத் தெரிந்த பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மட்டாட்டு எனப்படும் சிறு பேருந்துகளில் வாசித்தார்கள். மதுக்கடைகளில் ஒருவர் உரக்க வாசிப்பார், கதை சூடு பிடிக்கும் இடத்தில் அவர் கோப்பை காலியாகிவிட்டால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். இன்னொரு பாட்டில் கொடுங்கப்பா என்று கூட்டம் சத்தம் போடும். கோப்பை நிறைந்ததும் கதை தொடரும்.

நம்மூரில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் தினத்தாளை உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. 15,000 பிரதி என்றால் 15,000 வாசகர் என்று கணக்குப் போடாதீர்கள்.

அப்படியானால் ஏன் எல்லோரும் தாய்மொழியில் எழுதவில்லை?

அச்சடிக்க ஆள் வேண்டுமே! கூகிக்கு ஹென்றி சக்காவா கிடைத்தார். ஹைனமனின் நைரோபி அலுவலகத்தை நடத்திவந்தவர் அவர். கூகியின் கிக்கூயு நூல்களை வெளியிட்டதற்காக மிரட்டப்பட்டார், தாக்கப்பட்டார். பிறகு அந்த நிறுவனம் கென்யர் கைக்கு வந்து, 1992இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கல்விப் பதிப்பகம் என்று பெயர் மாறியது. பெயரில் இருக்கும் ‘கல்வி’யைக் கவனியுங்கள்.

கென்யப் பதிப்புத் தொழிலின் வருமானத்தில் பெரும்பங்கு பாடநூல்களிலிருந்து வருவது. அந்தப் பணத்தில்தான் கதையும் கவிதையும் வெளிவருகின்றன. எந்த மொழியில் தேர்வு நடக்கிறதோ அந்த மொழியில்தான் பதிப்பகத்துக்குப் பணம் வரும். 1985இல் பள்ளிக்கல்வியை மாற்றியமைத்தபோது சுவாஹிலியைக் கட்டாயத் தேர்வுப் பாடமாக்கினார்கள். சுவாஹிலி நாவலுக்கு ஒரு சந்தை நிலைத்தது அதனால்தான். ஒரு சுவாஹிலி நாவல் பள்ளித் தேர்வுக்குப் பாடமாக வைக்கப்பட்டால் அதன் ஆசிரியர் சில ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். கிக்கூயு, லுவோ, கம்பா மொழி நாவல்களுக்கு அந்த வாசலே கிடையாது.

எழுத்தாளரின் உறுதியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மொழியைக் காப்பதில் அந்த உறுதிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி தேர்வுத்தாள், காகித விலை, கடனுக்குப் புத்தகம் கொடுக்கிற பதிப்பாளர், தோட்டத்துக்குப் போகிற பேருந்து. அந்தப் பாதியைக் கூகியே விரிவாக எழுதியிருந்தும், அவரைப் போற்றுகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

கதாபாத்திரத்தைக் கைதுசெய்யத் தேடினார்களாமே?

1986இல் வெளிவந்த ‘மட்டிகாரி’ நாவலின் கதை அது. நீதியைத் தேடி நாடெல்லாம் அலையும் ஒரு மனிதன் அதன் நாயகன். மட்டிகாரி என்று ஒருவன் ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கிறானாம் என்று மத்தியக் கென்யாவில் பேச்சு பரவ, அவனைப் பிடிக்க உத்தரவு போனது. புத்தகத்தில் வரும் ஆள் என்று தெரிந்ததும், 1987 பிப்ரவரியில் கடைகளில் இருந்த பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

கிக்கூயுவில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்திலும் கொண்டுவந்தாரே, முரண்பாடு இல்லையா?

எனக்கு அப்படித் தெரியவில்லை. எது முதலில் என்பதுதான் கேள்வி. கிக்கூயு வாசகர் முதலில் படிக்கிறார், உலகம் பிறகு மொழிபெயர்ப்பில் படிக்கிறது. ‘மட்டிகாரி’யை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் வாங்குயி வா கோரோ. வேறு பல நூல்களைக் கூகியே மொழிபெயர்த்தார். 2021இல் அப்படி அவரே மொழிபெயர்த்த ஒரு நூல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. ஆப்பிரிக்கத் தாய்மொழி ஒன்றில் எழுதப்பட்ட நூல் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது அதுவே முதல்முறை.

ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உலகப் புகழ் இருந்ததால் அவரால் இரண்டு மொழியிலும் நிற்க முடிந்தது. முதல் நூலைக் கிக்கூயுவில் எழுதும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு லண்டன் பதிப்பாளர் காத்திருக்கமாட்டார். அவளை வைத்துத்தான் இந்த வாதத்தைச் சோதிக்க வேண்டும்.

அவருக்கு முன்னால் யாரும் தாய்மொழியில் எழுதவில்லையா?

எழுதினார்கள். ககாரா வா வஞ்சாவ் அவர்களில் முக்கியமானவர். காலனி ஆட்சிக்கு எதிரான மௌ மௌ போராட்டக் காலத்தில் பல ஆண்டுகள் தடுப்புக்காவலில் இருந்தவர். சொந்த அச்சகம் வைத்துக் கிக்கூயுவில் நூல்களும் இதழும் வெளியிட்டார். காவலில் எழுதிய நாட்குறிப்புக்காக 1984இல், ஆப்பிரிக்க நூல்களுக்குத் தரப்படும் நோமா விருது பெற்றார். கிரேஸ் ஒகோட் ஆங்கிலத்தில் பெயர் வாங்கியபின் லுவோ மொழியிலும் எழுதினார். இவர்களைப் பற்றித் தமிழில் இதுவரை ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை.

ஒரு இனத்தின் மொழியில் எழுதுவது நாட்டைப் பிளக்காதா?

இந்தக் குற்றச்சாட்டு கென்யாவில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த இனக் கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த நாடு அது. அந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. கூகியின் பதில் மொழிபெயர்ப்பு. கிக்கூயு நூல் லுவோவுக்கும் சுவாஹிலிக்கும் நேராகப் போகட்டும், ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் போகட்டும் என்றார்.

அவர் வாழ்நாளிலேயே ஒரு சின்ன வெள்ளோட்டம் நடந்தது. 2016இல் ஜலாடா என்ற இளம் எழுத்தாளர் குழு, மனிதன் ஏன் நிமிர்ந்து நடக்கிறான் என்ற அவருடைய குட்டிக் கதையைக் கிக்கூயுவிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இணையத்தில் வெளியிட்டது. பிறகு அந்த எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. ஆனால் மொழிபெயர்த்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கில வடிவத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். கிக்கூயுவும் இன்னொரு ஆப்பிரிக்க மொழியும் ஒருசேரத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அத்தனை அரிது.

இப்போது நிலைமை எப்படி?

சுவாஹிலிக்குச் சற்று வெளிச்சம். 2014இல் மபாத்தி கார்னெல் பரிசு தொடங்கியது. மபாத்தி என்றால் சுவாஹிலியில் கூரைத் தகரம். தகரத் தகடு தயாரிக்கும் நிறுவனம் பணம் போட, கையெழுத்துப் பிரதிகளுக்குப் பரிசு கொடுத்து அவற்றை நூலாகவும் கொண்டுவருகிறார்கள். தான்சானியாவின் சான்சிபார் தீவில் சுவாஹிலி பேசி வளர்ந்த எழுத்தாளர் அப்துல்ரசாக் குர்னா 2021இல் நோபல் பரிசு பெற்றார். எழுதியது எல்லாம் ஆங்கிலத்தில். அவருடைய நாவல் முதன்முதலாகச் சுவாஹிலியில் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அவர் ஊர்க்காரர்கள் அவர் கதையைத் தங்கள் மொழியில் படிக்க ஸ்டாக்ஹோமிலிருந்து செய்தி வர வேண்டியிருந்தது.

மற்ற மொழிகளில் வானொலி கொழிக்கிறது, பாட்டு கொழிக்கிறது. புத்தகம் மட்டும் மெலிந்தே இருக்கிறது.

தமிழின் நிலையும் இதுதானே?

இல்லை என்றே சொல்வேன். 1578இல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சேறிவிட்டது. நமக்கு நாளிதழ்கள் உண்டு, பல்கலைக்கழகத் தமிழ்த்துறை உண்டு, புத்தகக் கண்காட்சி உண்டு. கூகி ஏங்கிய பலவற்றின்மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியிருந்தும் இன்று பல தமிழ் நாவல்களுக்கு முதல் அச்சு முந்நூறு பிரதி. நம்மைவிட மிகக் குறைவானோர் பேசும் ஒரு மொழியில், பலருக்குக் காது வழியாகத்தான் கதை போய்ச் சேரும் என்ற நிலையில், ஒரே ஆண்டில் 15,000 பிரதி போயிருக்கிறது. அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்து நம் எண்ணைப் பார்க்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தமிழில் எங்கிருந்து தொடங்கலாம்?

அமரந்த்தாவும் சிங்கராயரும் மொழிபெயர்த்த ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ நாவலிலிருந்து. அதன் நடுப்பகுதியில் திருடர்களும் கொள்ளைக்காரர்களும் தங்களில் யார் பெரியவன் என்று போட்டி போடுகிறார்கள். ஒவ்வொருவரும் மேடையேறித் தன் பெருமையைச் சொல்கிறான். அந்தப் பகுதியைத் தனியாக, மௌனமாகப் படிக்காதீர்கள். எங்கள் வட்டத்தில் மொட்டைமாடியில் பாய் விரித்து மாற்றி மாற்றி உரக்கப் படித்தோம். மூன்றாவது திருடன் பேசும்போது பக்கத்து வீட்டு அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அவர் கீழே இறங்கும்போது மணி பத்தரை. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.